கோடையில் வீடு குளிர, தாயும் சேயும் நலமாக இருக்க

பங்குனி முடியும்போதே வெயில் சுள்ளென்று அடிக்க ஆரம்பித்துவிடுகிறது. மே 4-ஆம் தேதி வாக்கில் அக்னி நட்சத்திரமும் தொடங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம். வேலூர், திருத்தணி, கரூர் பரமத்தி, திருச்சி, மதுரை ஆகிய இடங்களில் 40 டிகிரி செல்சியசைத் தாண்டுவது புதிய செய்தி அல்ல. கடலோரத்தில் இருக்கும் சென்னையிலேயே 2003 மே மாதக் கடைசியில் 45 டிகிரி வந்தது. ரேடியோவிலும் டி.வி.யிலும் சொல்கிற இந்தக் கணக்கு, காற்றுப் புகும்படி செய்த வெள்ளை மரப்பெட்டிக்குள் நிழலில் வைத்த வெப்பமானியில் எடுப்பது. தகர ஷீட் போட்ட நம் வீட்டுக்குள் எத்தனை டிகிரி என்று யாரும் வந்து அளந்து பார்ப்பதில்லை. அங்கேதான் நம் பெண்கள் சமைக்கிறார்கள். அங்கேதான் தொட்டில் தொங்குகிறது.

குடும்ப நலத்துக்கும் வீட்டுக் கூரைக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். அதற்குப் பதிலாக ஒரு வீட்டு விஷயத்தைச் சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்பு, சித்திரை மாதம். பிரசவம் ஆகி வீடு திரும்பியிருந்த ஒரு பெண்ணைப் பார்க்க நர்சம்மா போனார். நானும் கூடப் போயிருந்தேன். கல்நார் ஷீட் போட்ட ஒரே அறை. மதியம் இரண்டு மணி. கதவு சாத்தியிருந்தது. இருந்த ஒரு ஜன்னலிலும் பழைய புடவையைத் திணித்து அடைத்திருந்தார்கள். உள்ளே தாய் தலையில் துணி கட்டி, வேர்த்து விறுவிறுத்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் ஐந்து நாள் குழந்தை, குல்லாய், சட்டை, மேலே ஒரு துண்டு, அதற்கு மேல் ஒரு கம்பளி.

“ஏம்மா இப்படி அடைச்சு வெச்சிருக்கீங்க?” என்று நர்சம்மா கேட்டார்.

பாட்டி சொன்னார்: “பச்ச உடம்புக்காரி நர்சம்மா. காத்து பட்டா ஜன்னி வந்துடும். கொழந்த நல்லா தூங்குது, அழவேயில்ல. தங்கமான புள்ள.”

குழந்தை தூங்கவில்லை, துவண்டு கிடந்தது. உடம்பைத் தொட்டால் அடுப்பங்கல் மாதிரி சுட்டது. தெர்மாமீட்டரில் 101 டிகிரி பாரன்ஹீட். பிறந்தபோது 2 கிலோ 800 கிராம் இருந்த எடை 2 கிலோ 400-க்கு வந்திருந்தது. காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை. உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். கிருமித் தொற்று இருக்குமோ என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அப்படி ஒன்றும் இல்லை. அறையின் சூட்டில் குழந்தையின் உடம்புத் தண்ணீர் வற்றிவிட்டது. தாய்க்கும் தண்ணீர் அளவாகத்தான் கொடுத்திருக்கிறார்கள், அவளும் வாடிவிட்டாள். சில நாள் வைத்தியத்தில் குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆனால் இன்னும் ஒரு நாள் கழித்துப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவே மனம் ஒப்பவில்லை.

அந்தப் பாட்டியை நான் குறை சொல்லமாட்டேன். அவர் பிள்ளை பெற்ற காலத்தில் வீடு வேறு மாதிரி இருந்தது. ஒன்றரை அடி மண் சுவர், கனமான பனையோலைக் கூரை, இடுப்பளவுக்குத் தாழ்ந்த தாழ்வாரம். அந்த வீட்டில் கதவைச் சாத்தினாலும் உள்ளே குளுமைதான். கூரை போய் ஷீட் வந்தது, வழக்கம் மட்டும் மாறவில்லை. ஜன்னி என்று பயந்தார்களே, அது காற்றால் வருவதல்ல. அழுக்குக் கையாலும் சுத்தமில்லாத கருவிகளாலும் கிருமி உள்ளே போய் வருவது. ஆஸ்பத்திரிப் பிரசவமும் தடுப்பூசியும் வந்த பிறகு அந்தப் பயம் பெருமளவு குறைந்துவிட்டது. ஜன்னலை அடைப்பதால் அது குறையவில்லை.

வெகு தூரத்தில் அகமதாபாத் நகரத்திலும் இதையே கண்டார்கள். 2010 மே மாதம் அங்கே 46.8 டிகிரி வரை வெயில் ஏறியது. ஏராளமானோர் மாண்டார்கள். அந்த ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் பிரசவ வார்டு மேல் மாடியில், வெயில் காயும் தளத்துக்கு நேர் கீழே இருந்தது. அதைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். சூட்டினால் காய்ச்சல் கண்டு சேர்க்கப்படும் பச்சிளங்குழந்தைகள் குறைந்தார்கள். மருந்து மாறவில்லை, டாக்டர் மாறவில்லை, தலைக்கு மேலிருந்த கூரைதான் மாறியது. தமிழ்நாட்டிலும் 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அரசு அறிவித்திருக்கிறது. புயல், வெள்ளம் போல இதுவும் ஒன்று.

சூடு எங்கிருந்து வருகிறது?

ஜன்னல் வழியாக அனல் வருகிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் கோடையில் வீட்டுக்குள் வரும் சூட்டில் பெரும்பங்கு கூரை வழியாக வருகிறது. நம் நாடு பூமத்திய ரேகைக்கு அருகில் இருக்கிறது. கன்னியாகுமரியில் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும், சென்னைப் பக்கத்தில் ஏப்ரல் 25 வாக்கிலும் உச்சிச் சூரியன் நேராகத் தலைக்கு மேல் வந்து நிற்கும். அப்போது நம் நிழல் நம் காலடியிலேயே விழும். நாள் முழுவதும் வெயிலைத் தாங்குவது கூரை. காலையில் கிழக்குச் சுவர், மாலையில் மேற்குச் சுவர். தெற்குச் சுவரில் மே மாதத்தில் வெயில் விழுவதே அபூர்வம். ஆகவே கையில் இருக்கிற நூறு ரூபாயைச் செலவழிப்பதானால் முதலில் கூரைக்கு, அடுத்து மேற்குச் சுவருக்கு.

ஓலைக் கூரையில் ஓலைகளுக்கு நடுவே காற்று அடைபட்டிருப்பதால் சூடு எளிதில் இறங்காது. அதன் குறை வேறு. தீப்பிடிக்கும், ஒழுகும், சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தகர ஷீட்டும் கல்நார் ஷீட்டும் மெல்லியவை. வெயில் பட்ட சிறிது நேரத்தில் சூட்டைக் கீழே இறக்கிவிடும், வெயில் தாழ்ந்தால் சீக்கிரம் ஆறியும்விடும். கான்கிரீட் தளம் பகல் முழுவதும் சூட்டை விழுங்கி வைத்துக்கொண்டு ராத்திரியில் கக்கும். “பகல்லகூட பரவாயில்லீங்க, படுத்தா மேலேயிருந்து அடிக்குது” என்று தொகுப்பு வீட்டுக்காரர்கள் சொல்வது இதனால்தான்.

கூரைக்குச் சுண்ணாம்பு

கறுப்புக் குடைக்கும் வெள்ளைக் குடைக்கும் உள்ள வித்தியாசம் எல்லாருக்கும் தெரியும். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். கான்கிரீட் தளத்துக்கு மேலே வெள்ளையடித்தால் உள்ளே இரண்டு மூன்று டிகிரி வரை குறையும், சில வீடுகளில் அதற்கு மேலும் குறையும். இரண்டு மூன்று டிகிரி சொற்பமாகத் தோன்றலாம். குழந்தை தூங்குவதற்கும் தூங்காமல் ராத்திரியெல்லாம் அழுவதற்கும் அதுவே வித்தியாசமாக இருக்கும். இதற்கென்று கடையில் விற்கும் பெயிண்ட் பல வருஷம் நிற்கும், விலை அதிகம். ஊர்ச் சுண்ணாம்பே போதும். மழைக்குக் கரையும், வருஷா வருஷம் அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

மாசி அல்லது பங்குனியில் மழையில்லாத நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். தளத்தைக் கூட்டி, பாசியைத் தேய்த்துக் கழுவி, ஈரம் காயுமுன் அடித்தால் நன்றாகப் பிடிக்கும். கிளிஞ்சல் சுண்ணாம்பை முந்தின நாளே தண்ணீர் விட்டுத் தாளித்து, மறுநாள் சாக்குத் துணியில் வடிகட்டி, பிடிப்புக்குக் கஞ்சித் தண்ணீரோ பசையோ சேர்த்து, மட்டையாலோ துடைப்பத்தாலோ இரண்டு மூன்று பூச்சு. ஒரு பூச்சு காய்ந்த பிறகுதான் அடுத்தது. சுவருக்கு நீலம் போடுவது அழகுக்காக. கூரைக்கு நீலம் வேண்டாம், பார்க்கப் போவது காக்கைதான்.

இதில் கவனம் தேவை. சுண்ணாம்பு தாளிக்கும்போது கொதிக்கும். பிளாஸ்டிக் வாளி உருகிவிடும், இரும்பு டிரம்மோ சிமெண்டுத் தொட்டியோ வேண்டும். குழந்தைகளைக் கிட்டே விடக்கூடாது. கண்ணில் தெறித்தால் கசக்காமல், நல்ல தண்ணீரை இருபது நிமிஷமாவது ஊற்றிக் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பார்வையே போய்விடக்கூடியது.

ஷீட் வீட்டுக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கல்நார் ஷீட்டின் மேல் நேராகக் கால் வைத்து ஏறாதீர்கள். உடைந்து உள்ளே விழுந்து இடுப்பொடிந்தவர்கள் உண்டு. அடியில் இருக்கும் சட்டத்தின் மேல் படும்படி பலகை போட்டு நின்றுதான் வேலை செய்ய வேண்டும். அந்த ஷீட்டைக் கம்பி பிரஷ் போட்டுச் சுரண்டவும் கூடாது. அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும். தண்ணீர் விட்டு நனைத்து மெதுவாகத் துடைத்தால் போதும். தகர ஷீட்டில் சுண்ணாம்பு நிற்காமல் உரிந்து விழும், அதற்கு வெள்ளைப் பெயிண்ட்தான் சரி.

சுண்ணாம்புக்கும் வழியில்லாதவர்கள் ஷீட்டின் மேல் தென்னங்கீற்றைப் பரப்பிக் கட்டலாம். மொட்டைமாடியாக இருந்தால் ஒரு அடி இரண்டு அடி இடைவெளி விட்டுப் பந்தல் போட்டால் இன்னும் விசேஷம், நடுவில் காற்று ஓடும். ஷீட்டுக்கு அடியில் மூங்கில் பாயை ஒரு சாண் இறக்கிக் கட்டுவதும் நல்ல பலன் தரும். ஆனால் அடுப்புக்கு மேலேயோ மின்சார வயருக்குப் பக்கத்திலேயோ ஓலையும் பாயும் கூடாது. கோடைத் தீவிபத்துகள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன.

ஜன்னலை எப்போது திறப்பது?

இதற்கு ஒரே பதில் கிடையாது. வீட்டைப் பொறுத்தது. கனமான சுவரும் கான்கிரீட் தளமும் உள்ள வீடாக இருந்தால், காலை எட்டு ஒன்பது மணிக்கு மேல் வெயில் விழும் பக்கத்து ஜன்னலைச் சாத்தித் திரை போட்டு, பொழுது சாய்ந்து வெளியே ஆறிய பிறகு எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும். ஷீட் வீட்டில் பகலில் சாத்தவே கூடாது. அங்கே வெளியைவிட உள்ளேதான் சூடு அதிகம். சாத்தினால் பானைக்கு மூடி போட்டது போல ஆகும். சந்தேகமாக இருந்தால் வாசலில் ஒரு நிமிஷம் நின்று, உள்ளே ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். எது குளுமையோ அதற்குத் தக்கபடி செய்யுங்கள்.

ஒரு ஜன்னல் மட்டும் இருந்தால் காற்று ஓடாது. எதிர்ச் சுவரில், முடிந்தவரை உயரத்தில், இரண்டு செங்கல் எடுத்த அளவு துவாரம் விட்டால் மேலே தேங்கும் அனல் வெளியேறும். மழைக்கு ஒரு சிறு மறைப்பும், பூச்சிக்குக் கம்பி வலையும் வைத்துக்கொள்ளலாம். சாயங்காலம் மேஜை மின்விசிறியை ஜன்னலில் வைத்து வெளிப்பக்கம் பார்த்துத் திருப்பிவிட்டால் அறையின் சூட்டை அரை மணியில் தள்ளிவிடும். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள், செய்து பார்த்தவர்கள் சிரிப்பதில்லை. அறைக்குள் 40 டிகிரிக்கு மேல் போய்விட்டால் மின்விசிறி அனலைத்தான் மேலே வீசும். அப்போது உடம்பை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு விசிறியடியில் உட்கார வேண்டும், அல்லது மரத்தடிக்குப் போய்விட வேண்டும்.

மேற்குச் சுவருக்கு அவரை, பீர்க்கு, சுரை என்று கொடிப்பந்தல் போதும். குளிக்கிற தண்ணீரை அதற்கே திருப்பிவிடலாம். இடம் இருந்தால் புங்கன் அல்லது வேம்பு. கோடை பிறக்கும்போது புதுத்தழை விடும் மரங்கள் இவை. நிழல் நமக்கு வேண்டிய நேரத்தில் கிடைக்கும். பிள்ளை பிறந்த வருஷம் வைத்த மரம் பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போது நிழல் கொடுக்கும்.

தண்ணீர் தெளிக்கலாமா?

ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகிப் போவதற்கு எடுத்துக்கொள்ளும் உஷ்ணத்தைக் கொண்டு எட்டு லிட்டர் தண்ணீரைக் கொதி வரும்வரை காய்ச்சலாம். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் வேர்வை நம்மைக் காப்பதும் இந்தக் கணக்கில்தான். ஜன்னலில் நனைத்த சாக்கோ வெட்டிவேர்த் தட்டியோ தொங்கவிட்டால், காற்று காய்ந்திருக்கும் உள்மாவட்டங்களில் நல்ல பலன் உண்டு. கடலோரப் புழுக்கத்தில் அவ்வளவு பலன் இருக்காது. கான்கிரீட் தளத்தில் தெளிப்பதானால் உச்சியில் வேண்டாம், ஐந்து மணிக்கு மேல் இரண்டு மூன்று குடம் போதும். குடிதண்ணீருக்கே குழாயடியில் குடத்தை வரிசை வைக்கிற ஊரில் இதைச் செய்யச் சொல்ல எனக்கு மனமில்லை. அங்கே சுண்ணாம்புதான்.

சேமித்த தண்ணீரை மூடி வையுங்கள். மூடாத தொட்டியிலும் டிரம்மிலும்தான் டெங்கு கொசு முட்டையிடுகிறது. வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள்.

ராத்திரி திண்ணையிலும் வாசலிலும் படுப்பவர்கள் தரையில் படுக்க வேண்டாம். கட்டுவிரியன் ராத்திரியில்தான் நடமாடும். தூங்குபவரைத் தீண்டினால் பல நேரம் கடித்த இடமே தெரியாது. கட்டிலில் கொசுவலை கட்டி, அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிப் படுத்தால் கொசுவுக்கும் பாம்புக்கும் ஒரே காவல்.

கணவன்மார்களுக்கு

மத்தியானம் ஆண்கள் வேப்பமரத்தடிக்கோ டீக்கடை பெஞ்சுக்கோ போய்விடுகிறோம். அந்த நேரத்தில் ஷீட்டுக்கு அடியில் அடுப்பும் புகையுமாக நிற்பது யார்? அடுப்பை வெளித் தாழ்வாரத்துக்கு மாற்ற ஒரு நாள் வேலைதான். சமையலைக் காலை எட்டு மணிக்குள் முடித்துவிட்டு, மத்தியானம் கம்பங்கூழோ மோர்ச்சோறோ என்று வைத்துக்கொள்ளலாம். “சுடச்சுட இல்லாட்டி எறங்காது” என்கிறவர்கள் ஒரு நாள் அந்த அடுப்படியில் நின்று பார்க்கலாம்.

இன்னொன்றும் உண்டு. பெண்கள் பகலில் தண்ணீர் குடிக்காமல் இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் தாகமின்மை அல்ல, ஒதுங்க இடமின்மை. கர்ப்பிணிக்கு இதனால் நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றும் வரும். கழிப்பறை இருந்தும் அதில் விறகு அடுக்கி வைத்திருக்கும் வீடுகள் உண்டு. விறகை வெளியே எடுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போகிற அளவுக்குக் கர்ப்பிணி தண்ணீர் குடிக்க வேண்டும்.

கர்ப்பிணிக்குத் தலைவலி, கண் மங்கல், முகத்திலும் கையிலும் வீக்கம் வந்தால் ‘சூடு’ என்று மோர் குடித்துப் படுக்கக்கூடாது. அது ரத்த அழுத்தமாக இருக்கலாம். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். குழந்தையின் அசைவு குறைந்தாலும் அப்படியே.

பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டில்

வீட்டிலேயே குளுமையான மூலையைத் தாய்க்கும் குழந்தைக்கும் கொடுங்கள். மாமனார் கட்டில் அங்கே இருந்தால் அவரே சந்தோஷமாக நகர்த்திக்கொள்வார், கேட்டுப்பாருங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். மின்விசிறி குழந்தையின் முகத்தில் நேராக அடிக்காமல் அறையில் காற்று ஓடினால் போதும். கோடையில் ஒரு மெல்லிய பருத்திச் சட்டை போதுமானது. குழந்தையின் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சுட்டால் துணி அதிகம். வயிறு வெதுவெதுப்பாகவும் பாதம் சில்லென்றும் இருந்தால் குளிர்கிறது என்று அர்த்தம். எடை குறைவாகப் பிறந்த குழந்தைக்குக் கோடையிலும் கதகதப்பு வேண்டியிருக்கும், அதை நர்சம்மா சொல்கிறபடி செய்யுங்கள்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். தண்ணீர் வேண்டாம், சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம், கழுதைப்பாலும் வேண்டாம். எவ்வளவு வெயிலானாலும் குழந்தைக்கு வேண்டிய தண்ணீர் தாய்ப்பாலிலேயே இருக்கிறது, அடிக்கடி கொடுக்க வேண்டும், அவ்வளவே. அதற்குத் தாய் வயிறு நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரை அளந்து கொடுக்கும் வழக்கத்தை இந்தக் கோடையோடு விட்டுவிடுங்கள்.

பால் குடிக்காமல் துவண்டு கிடக்கிற, நாள் முழுதும் சிறுநீர் போகாத, அல்லது 99.5 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் சுடுகிற பச்சைக் குழந்தையை வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடாது. துணியைத் தளர்த்தி, பால் கொடுத்துக்கொண்டே கிளம்புங்கள். சூடா, கிருமியா என்று டாக்டர்தான் பார்த்துச் சொல்ல முடியும்.

பெரியவர்களில் யாராவது வெயிலிலோ புழுக்கமான வீட்டிலோ உடம்பு கொதித்து, பேச்சுக் குழறி, நினைவு தடுமாறினால் அது வெப்பத் தாக்கு. 108-க்குப் போன் செய்துவிட்டு, வண்டி வரும்வரை சும்மா நிற்காமல் நிழலில் படுக்கவைத்து, உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நினைவோடு வெறும் களைப்பும் தலைசுற்றலுமாக இருந்தால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம்.

வீட்டு மருந்துகளுக்கும் சூடு ஆகாது. குளிர்பெட்டி இல்லாத வீட்டில் இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள், மருந்து பாட்டிலைத் தண்ணீர் புகாத டப்பாவில் இட்டுச் சிறு பானையில் வைத்து, அதை ஈரமணல் நிரப்பிய பெரிய பானைக்குள் இறக்கி, நிழலான மூலையில் வைக்கலாம். கருத்தடை மாத்திரையையும் நிரோத்தையும் பிள்ளைகள் கண்ணில் படக்கூடாது என்று ஷீட்டுக்கு அடியில் பரணிலோ டிரங்குப் பெட்டியிலோ ஒளித்து வைக்கிறார்கள். பரண்தான் வீட்டிலேயே அதிகம் சூடான இடம். சூட்டில் ரப்பர் இற்றுப்போய்க் கிழிந்துவிடும். தரைக்குப் பக்கத்தில் குளுமையான, ஈரமில்லாத அலமாரியில் வையுங்கள். போன கோடை முழுவதும் பரணில் கிடந்த பாக்கெட் இருந்தால் அதை நம்ப வேண்டாம். நர்சம்மாவிடம் புதிதாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்பதற்கு மனைவி கூச்சப்பட்டால் கணவர் கேட்கலாம்.